குடும்பத்தில் பெருநாடி வீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருகோணமலையில், உப்புவெளியில். அப்பப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஐம்பது வயதைக் காணாமலே போய்விட்டார்கள். மூவரின் மரணச் சான்றிதழிலும் மாரடைப்பு என்றுதான் இருக்கிறது. அண்ணாவுக்கு 41 வயதில் வேறு ஏதோ காரணத்துக்காக எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்தபோதுதான் உண்மையான பெயர் வெளியே வந்தது: பெருநாடி வீக்கம், அதுவும் பரம்பரையாக வருவது. அண்ணாவுக்கு ஒப்பரேஷன் முடிந்த நாளிலிருந்து சொந்தக்காரரும் அயலவரும் வெளிநாட்டில் இருக்கிற மச்சான்மாரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தையல் வேலை செய்பவள், டொக்டர் இல்லை. இவை கிளினிக்கில் கேட்டு, வாசித்து, விளங்காததைத் திரும்பவும் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டவை. உங்களுக்கான மருந்தையும் அளவையும் உங்களைப் பார்க்கும் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெருநாடி வீக்கம் என்றால் என்ன?

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் தொகுதிப் பெருநாடி என்று படித்திருப்பீர்கள். இதயத்தின் இடது பக்கத்திலிருந்து புறப்பட்டு, மேலே வளைந்து, முதுகெலும்பை ஒட்டி நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கும் குழாய். உடம்பில் இதைவிடப் பெரிய இரத்தக் குழாய் இல்லை. வளர்ந்த ஒருவருக்கு இதயத்துக்குப் பக்கத்தில் 3 முதல் 3.5 சென்ரிமீற்றர் வரை அகலம் இருக்கும். வயிற்றில் 2 சென்ரிமீற்றர் அளவு. இருக்க வேண்டிய அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் வீக்கம் என்கிறார்கள்.

எனக்கு இது துணியை வைத்துத்தான் விளங்கியது. குழாயின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே மெல்லிய லைனிங், நடுவில் இலாஸ்டிக் நாரும் தசையும் கலந்த தடித்த அடுக்கு, வெளியே ஒரு போர்வை. ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் விரிந்து சுருங்குகிறது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை. நடு அடுக்கு பிறப்பிலேயே பலவீனமாக இருந்தால், பாவாடை இடுப்பின் இலாஸ்டிக் இளகுவதுபோல வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அகலும். நோவு இருக்காது, களைப்பு இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் உள்ளே லைனிங் கிழிந்தால் இரத்தம் கிழிசலுக்குள் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு ஓடும். இதை டிசெக்‌ஷன், அதாவது சுவர்ப் பிளவு என்கிறார்கள். முழுச் சுவரும் வெடித்துவிட்டால் காப்பாற்ற நேரமே கிடைக்காமல் போகலாம்.

இதுவும் மாரடைப்புத்தானே?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கான பதிலையாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய் அடைபடுகிறது. இதில் பெரிய குழாய் கிழிகிறது. ஆனால் இரண்டிலும் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். மாரடைப்பென்று எண்ணி இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால், கிழிந்த பெருநாடி உள்ளவருக்கு இரத்தக் கசிவு இன்னும் மோசமாகும். ஈ.சி.ஜி. மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சி.ரி. ஸ்கான் வேண்டும்.

அப்பா வேலைக்குப் போயிருந்த ஊரில் முதுகு நோவு என்று ஒரு வைத்தியசாலைக்குப் போனார். வாய்வு என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். விடியுமுன் முடிந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் குடும்பக் கதையை அப்பா அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்கே அது தெரியாது.

நடு இரவில் நோவு வந்தால் என்ன செய்வது?

டிசெக்‌ஷன் நோவு மெல்ல மெல்லக் கூடி வராது. வரும்போதே உச்சத்தில் வரும். நெஞ்சிலோ, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முதுகிலோ, கிழிப்பதுபோல, கத்தியால் குத்துவதுபோல. சிலருக்கு வயிற்றில் வரும், சிலர் மயங்கி விழுவார்கள், சிலருக்கு ஒரு கை அல்லது கால் செயலிழக்கும். இதயத்துக்கு அருகில் உள்ள பகுதி கிழிந்தால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு மணித்தியாலமும் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்று உயிர் போகிறது. அதனால் எண்ணெய் தடவிப் பார்ப்போம், கசாயம் குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

வைத்தியசாலை வாசலில் வைத்தே சொல்லுங்கள்: "எங்கள் குடும்பத்தில் பெருநாடி கிழியும் நோய் இருக்கிறது." பதற்றத்தில் வாய் வராது. அதனால் அண்ணா, நான், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரு சிறு அட்டையைக் கைபேசி உறைக்குள் வைத்திருக்கிறோம். நோயின் பெயர், கடைசியாக அளந்த அளவு, திகதி, சாப்பிடும் மருந்து. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எனக்குத் தெரிந்த கடைக்காரத் தம்பி இலவசமாகவே லெமினேற் பண்ணிக் கொடுத்தார்.

திருகோணமலையில் இருந்து இந்த ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ மாற்றுவார்கள். கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை தாண்டி அந்த இருட்டு வழியில் போகும்போது பிரஷரையும் துடிப்பையும் குறைக்கும் மருந்து ஏறியபடி போக வேண்டும். இங்கே முதல் அரை மணித்தியாலத்தில் நோய் இன்னதென்று சரியாகத் தெரிந்தால்தான் அது நடக்கும்.

பரம்பரை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நெஞ்சுப் பகுதிப் பெருநாடி வீக்கம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவரளவில் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. அதனால் டொக்டர் முதலில் கேட்டது குடும்ப மரத்தைத்தான். நாங்கள் எழுதிக் கொண்டுபோகவில்லை. அம்மா அலுமாரிக்குள் இருந்து அப்பாவின் முப்பத்தொராம் நாள் நினைவு மலரை எடுத்துத் தந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் வம்சாவளி அச்சடித்திருக்கும்தானே. டொக்டர் சிவப்புப் பேனையால் அப்பப்பாவைச் சுற்றி ஒரு வட்டம், அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று போட்டார். பிறகு அப்பப்பாவின் தங்கச்சியின் மகன், பாலையூற்றில் இருந்தவர், 38 வயதில் குளித்துக்கொண்டிருக்கும்போது விழுந்தவர் என்று அம்மா நினைவுபடுத்த, அவருக்கும் ஒன்று. அஞ்சலிக்காக நாங்கள் அச்சடித்த தாள் அது. இருபது வருடம் கற்பூர வாசத்தோடு அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மலர் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். ஐம்பதுக்கு முன் திடீரென்று போனவர்கள், "நெஞ்சு வெடித்து"ப் போனவர்கள், காரணம் தெரியாமல் நித்திரையில் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

சில குடும்பங்களில் உடம்பே அடையாளம் காட்டும். மார்ஃபான் நோய் உள்ளவர்கள் நெடிய உருவம், நீண்ட கை விரல், வளைந்த முதுகு, கண் வில்லை விலகல் என்று இருப்பார்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவருக்கு அது இருக்கிறது. லோயிஸ்-டீட்ஸ் நோயில் உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கலாம். இதயத்தில் பெருநாடி தொடங்கும் இடத்து வால்வு மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டு இதழோடு பிறப்பவர்களுக்கும் பெருநாடி அகலலாம். எங்கள் குடும்பத்தில் வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. சாதாரண உயரம், சாதாரண உடம்பு. அப்படியான குடும்பங்களும் நிறைய.

எனக்கும் வருமா? பெண்களுக்கு வராது என்கிறார்களே?

தாய் தகப்பனில் ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 50 வீதம். மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையதுக்கு வராது என்று கணக்கில்லை. ஆண் பெண் பேதமும் இல்லை. அண்ணாவுக்கும் எனக்கும் இருக்கிறது, தங்கச்சிக்கு இல்லை.

கோளாறு இருப்பவர் எல்லோருக்கும் ஒரே வயதில், ஒரே அளவில் வீங்குவதும் இல்லை. அறுபது வயது வரை ஒன்றும் இல்லாத ஒருவர் அதைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம். அதனால்தான் ஒரு தலைமுறை தாண்டி வருவதுபோலத் தோன்றுகிறது.

இது குடும்பச் சாபமா?

இல்லை. பெரியம்மா இதைக் கேட்டபோது அழுதுகொண்டே கேட்டார், அதனால் நானும் மெதுவாகத்தான் சொன்னேன். கோணேசருக்கு நேர்த்தி வையுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், நானும் செய்கிறேன். எக்கோவையும் எடுத்துவிடுங்கள்.

யார் யார் பரிசோதிக்க வேண்டும்?

நோய் உள்ளவரின் தாய் தகப்பன், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும். அவர்களில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய பிள்ளைகள். முதல் பரிசோதனை எக்கோ, நெஞ்சில் பசை தடவிச் செய்யும் ஸ்கான், நோவு இல்லை. அரச வைத்தியசாலையின் இருதய கிளினிக்கில் இலவசம். காத்திருக்க முடியாதவர்கள் சனலிங்கில் எடுக்கிறார்கள். எக்கோவில் தெரியாத பகுதிகளுக்கு சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும். எந்த வயதில் தொடங்குவது என்பது மரபணுவைப் பொறுத்தது. பொதுவாக, குடும்பத்தில் ஆகக் குறைந்த வயதில் பாதிக்கப்பட்டவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவாவது தொடங்கச் சொல்கிறார்கள்.

ஒரு தடவை சரியாக இருந்தால் விட்டுவிடலாம் என்று இல்லை. குடும்பத்து மரபணுக் கோளாறு உங்களிடம் இல்லை என்று உறுதியானால் மட்டுமே கிளினிக்குக்குப் போவதை நிறுத்தலாம்.

அமெரிக்காவின் ஃபுளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் கரப்பந்தாட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற நெடிய பெண். 1986ல் ஜப்பானில் ஒரு போட்டியின் நடுவே சரிந்து இறந்தார், 31 வயது. முதலில் மாரடைப்பு என்றுதான் நினைத்தார்கள். பிரேத பரிசோதனையில் மார்ஃபான் நோயும் கிழிந்த பெருநாடியும் தெரிந்தது. பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அதே நோய் இருந்தது, உரிய நேரத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். இதை வாசித்தபோது நான் அண்ணாவையும் சித்தப்பாவையும் நினைத்துக்கொண்டேன். அப்பா போனபோதே சரியான பெயர் தெரிந்திருந்தால் சித்தப்பா இருந்திருப்பார்.

மரபணுப் பரிசோதனை அவசியமா?

உதவும். முதலில் நோய் உள்ளவரின் இரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் கோளாறு கிடைத்தால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. உங்கள் டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். எங்களுடையது ஏ.சி.ரி.ஏ.2 என்ற மரபணு, சுவரின் தசையைச் சேர்ந்தது.

பல குடும்பங்களில் ஒன்றும் கிடைப்பதில்லை. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்றால் "பரம்பரை இல்லை" என்று அர்த்தம் இல்லை. அந்தக் குடும்பங்கள் எக்கோவைத் தொடர வேண்டும்.

4.3 என்று சொன்னார்கள். எப்போது ஒப்பரேஷன்?

இதயத்துக்கு அருகே உள்ள பகுதிக்குப் பொதுவான எல்லை 5.5 சென்ரிமீற்றர். மார்ஃபான் போன்ற பரம்பரை நோய்களில் 5.0. லோயிஸ்-டீட்ஸிலும் எங்களுடையது போன்ற சில மரபணுக்களிலும் 4.5 அளவில், சிலவேளை அதற்கும் முன்னர். வளரும் வேகமும் முக்கியம். ஒரே வருடத்தில் 0.5 சென்ரிமீற்றர், அல்லது அடுத்தடுத்து இரண்டு வருடம், வருடத்துக்கு 0.3 சென்ரிமீற்றர் கூடினால் அளவு எதுவானாலும் ஒப்பரேஷனைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

4.2 இருந்தது 4.3 ஆனதற்கு நித்திரை கெட வேண்டாம். ஒரே சட்டைக் கையை நான் இரண்டு தடவை டேப் பிடித்தாலே கொஞ்சம் வித்தியாசம் வரும். எக்கோவிலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அப்படி வரும். இயலுமானவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். பழைய ரிப்போட்டையும் ஸ்கான் பதிந்த சி.டி.யையும் எறியாமல் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் அளந்தது என்றும் கேட்டு எழுதுங்கள்.

ஒப்பரேஷனில் என்ன செய்வார்கள்?

நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்தின் வேலையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, வீங்கிய துண்டை வெட்டியெடுத்து அந்த இடத்தில் டக்ரோன் குழாய் தைப்பார்கள். டக்ரோன் என்பது பொலியெஸ்ரர் துணிதான். 1950களில் மைக்கேல் டிபேக்கி என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கடையில் டக்ரோன் துணி வாங்கி, வீட்டில் மனைவியின் தையல் மெஷினில் முதல் குழாய்களைத் தைத்துப் பார்த்தார். தையலை அம்மாவிடம் பழகியவர். அவருக்கே 2005ல், 97 வயதில், பெருநாடி கிழிந்தது. தான் உருவாக்கிய ஒப்பரேஷனால் பிழைத்து 2008 வரை இருந்தார். அண்ணாவைக் கொழும்பில் உள்ளே கொண்டுபோன அந்த ஆறு மணித்தியாலமும் வெளியே வாங்கில் இருந்து நான் அந்தத் தையல் மெஷினைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாள் குறித்துச் செய்யும்போது அனுபவமுள்ள இடங்களில் ஆபத்து நூற்றுக்கு ஓரிருவர். கிழிந்த பிறகு செய்யும்போது அது பல மடங்கு.

வால்வும் கெட்டிருந்தால் அதையும் மாற்றுவார்கள். அண்ணாவுக்கு உலோக வால்வு. இரவில் கரண்ட் போய் ஃபான் நின்றால், பக்கத்து அறையில் இருந்தே அவருடைய நெஞ்சின் டிக் டிக் கேட்கும். முதல் மாதம் அண்ணி அந்தச் சத்தத்தில் நித்திரை கொள்ளவில்லை. இப்போது அது கேட்டால்தான் நித்திரை வருகிறது என்கிறார். உலோக வால்வுக்கு ஆயுள் முழுக்க, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குளிசை வேண்டும், இரத்தம் உறையும் அளவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பதற்காக வல்லாரை, முருங்கையிலையை விடத் தேவையில்லை. ஒரு கிழமை நிறைய, அடுத்த கிழமை இல்லை என்று மாற்றிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

வயிற்றுப் பகுதி வீக்கத்துக்குத் தொடை வழியாக உள்ளே ஸ்டென்ட் வைக்கும் முறையும் உண்டு. மார்ஃபான் போன்ற நோயுள்ள இளம் ஆட்களுக்குப் பெரும்பாலும் தைப்பதையே விரும்புகிறார்கள்.

குளிசையால் சுருங்குமா?

சுருங்காது. வளர்வதைத் தாமதப்படுத்தும். துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் பீட்டா புளொக்கர், லொசார்டன் இரண்டும் வழமையானவை. பிரஷர் 130/80க்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் பலர். அந்த உப்பைக் குறைப்பதும் மருந்துதான். சிகரெட்டை முழுதாக விட வேண்டும்.

பாமசியில் ஒரு விடயம் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக்குகள் பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சலக்கடுப்புக்கு இங்கே சர்வசாதாரணமாக இதைக் கொடுக்கிறார்கள். வேறு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலை, விளையாட்டு, தேர் இழுப்பது?

நடக்கலாம், மெதுவாக நீந்தலாம், சைக்கிள் ஓடலாம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் பேசிக்கொண்டே ஏறலாம், மூச்சு வாங்கினால் நின்று ஏறலாம். கூடாதது மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கும் வேலை. அந்தக் கணத்தில் பிரஷர் சடாரென்று ஏறும். பாரம் தூக்குவது, ஜிம்மில் எடை அடிப்பது, தேர் வடம் இழுப்பது எல்லாம் அதில் சேரும். மார்ஃபான் நோயாளருக்கு நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் இருப்பதால் ஸ்கூபா டைவிங் கூடாது.

அப்பப்பா சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போதுதான் விழுந்தார், கயிறு கையில் இருந்தது. அண்ணா இப்போதும் கரைவலைக்குப் போகிறார். இழுப்பதில்லை, கரையில் நின்று மீனைப் பிரித்து விலை பேசுகிறார். அந்த மாற்றத்துக்கு அவர் மனம் ஒப்ப ஒரு வருடம் எடுத்தது. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி, "நீ கரையில நில்லடா, கணக்கைப் பார்" என்று சொன்னது மருந்தைவிட உதவியது.

பிள்ளை பெறலாமா?

பலர் பெறுகிறார்கள், ஆனால் கருத்தரிக்கும் முன்பே இருதய டொக்டரைப் பார்க்க வேண்டும். கடைசி மூன்று மாதமும் பிறந்த பின் வரும் சில கிழமைகளும்தான் ஆபத்துக் கூடியவை. மார்ஃபான் நோயில் 4.5 சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால் முதலில் ஒப்பரேஷன் என்பார்கள். லொசார்டனும் வார்ஃபரினும் கருவைப் பாதிக்கும். தானாக நிறுத்தாமல், முன்கூட்டியே டொக்டரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கலியாணம் பேசும்போது சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

சொன்னால் சம்பந்தம் குழம்பும் என்ற பயம் எனக்கு நன்றாகத் தெரியும். தங்கச்சிக்கு இரண்டு இடம் அப்படித்தான் விலகிப்போனது, அவளுக்கு நோய் இல்லை என்று ரிப்போட் வரும் முன்பு. மூன்றாவது இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழும்பி அம்மாவின் கையைப் பிடித்து, "எங்கட வீட்டில சீனி வருத்தம் எல்லாருக்கும் இருக்கு, நாங்களும் சொல்லாமல்தான் இருந்தனாங்கள்" என்றார். மறைத்துக் கட்டிக்கொடுத்து, மருமகன் பிரஷர்க் குளிசையைப் பேணிக்குள் ஒளித்துச் சாப்பிடும் வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். நோவு வரும் இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மச்சான் மச்சாள் முறைக் கலியாணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒருவரிடம் இருந்தாலே இது வரும், சொந்தத்தில் முடித்ததால்தான் வந்தது என்று இல்லை. ஆனால் இருவரும் அதே குடும்பக் கோளாறைக் கொண்டிருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் வந்து, மிகக் கடுமையாகலாம். அப்படிப் பேச்சு எழுந்தால் இருவரும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது?

நாங்கள் கேட்கும் வரை காத்திருந்தோம். மகளுக்குப் பதினொரு வயதில், "மாமாவின்ர நெஞ்சு ஏன் மணிக்கூடு மாதிரி?" என்று கேட்டாள். லைனிங் வைத்த சட்டை ஒன்றை மேசையில் விரித்து, உட்துணியைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சொன்னேன். அவள் அழவில்லை. "எனக்கும் இருக்கா?" என்றாள். தெரியாது, பார்க்கலாம் என்றேன்.

இப்போது பதின்மூன்று. போன மாதம் கிளினிக்கில் கட்டிலில் படுத்தபடியே டொக்டரிடம் தானே அளவைக் கேட்டாள். 2.6, வயதுக்குச் சரியான அளவு. கொப்பியை என்னிடம் வாங்கித் திகதியையும் அளவையும் தன் கையால் எழுதினாள், எனது 3.9க்குக் கீழே.